வெட்டுக்கிளி இல்லாத புல்

எழுபதுகளின் கடைசியில், அரியலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், பண்ணையார் ஒருவரின் மாடுகளுக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி நாலு வருஷம்.

அந்த வருஷம் மார்கழியிலும் மழை விடவில்லை. ஓடையோரத்தில் காட்டு வரகுப் புல் இடுப்பளவு நின்றது. மற்ற இடங்களில் அரிவாளை வைத்ததும் வெட்டுக்கிளிகள் துள்ளி முழங்காலில் மோதும். அங்கே ஒன்றுகூட இல்லை. கதிர்களில் தேன் போல ஏதோ பிசுபிசுத்தது. கைக்கு நல்ல புல் கிடைத்ததே என்று நாலு நாள் அறுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டு பசுக்கள் நடுங்கின. அவிழ்த்துவிட்டால் குடித்தவன் போலத் தள்ளாடி, முன்னங்கால் மடங்கி விழுந்தன. பண்ணையார் என்னைத் தெருவில் நிற்க வைத்தார். ஊரே கூடிவிட்டது.

"என்னத்தடி கலந்து போட்ட? மாடு செத்தா தோலு உங்க ஆளுங்களுக்குத்தான, அதுக்கா?"

"புல்லுதாங்க போட்டேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"அப்ப கல்லங்குறிச்சி கோயில்ல வந்து சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேங்க" என்றேன். எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன். "செய்யாத தப்புக்கு நான் எதுக்குங்க சத்தியம் பண்ணணும்? செஞ்சேன்னு சொல்றவங்க வந்து பண்ணட்டும்."

இனி தொழுவத்துப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று விரட்டினார். அதே பண்ணையில் உழைத்த என் கணவர் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு சூடம்தான? அணைச்சுட்டு வந்துருந்தா முடிஞ்சிருக்கும். நாளைக்கு யாரு நமக்கு வேல குடுப்பா?" அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோயிலுக்குப் போவதாக இல்லை.

படுத்தபோதுதான் வெட்டுக்கிளி இல்லாத அந்தப் புல் நினைவுக்கு வந்தது. பூச்சியே தின்னாததை மாடு தின்றிருக்கிறது. விடிந்ததும் ஓடைக்குப் போய் ஒரு கட்டு அறுத்தேன். தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் முறைத்தார். நானும் முறைத்தேன். அரியலூர் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் கதிரைக் கிள்ளி, விரலில் ஒட்டியதை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பூஞ்சக் காளான் இருக்கும்மா. சிலது கதிர்ல வரும், சிலது புல்லுக்குள்ளயே குடியிருக்கும், வெளிய தெரியாது. அது சுரக்கிற விஷம் மாட்டோட நரம்பத் தாக்கும். சில பூச்சி கிட்டயே வராது. இதுல எது எதுன்னு எனக்கே முழுசாத் தெரியல. ஆனா இந்தப் புல்ல நிறுத்தினா மாடு பொழைச்சுக்கும்."

"இத எங்க ஊர்ல வந்து சொல்லுவீங்களா சார்?"

இரண்டு நாள் கழித்து வருவதாகச் சொன்னார். அதற்குள், எனக்குப் பதில் வந்த ஆள் அதே ஓடையோரத்தில் அறுத்துப் போட, பண்ணையாரின் உழவு மாடும் தள்ளாடி விழுந்தது. நான் அந்தத் தெருவுக்கே போகாத நாட்கள் அவை.

டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் பண்ணையார், "யாரு வரச் சொன்னது?" என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "நான்தாங்க."

டாக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். புல்லை மாற்றி வைக்கோல் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று மாடுகளும் நேராக நடந்தன. எட்டாம் நாள் பண்ணையார் ஆள் அனுப்பினார், வேலைக்கு வரச் சொல்லி.

"தெருவுல வெச்சுத்தான பழி சொன்னாரு? அதே தெருவுல வந்து, தப்புன்னு சொல்லச் சொல்லுங்க. வரேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வரவில்லை. நானும் போகவில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிக்கு வேலைக்குப் போனேன். மூன்று மாதம் கை முழுக்கக் கொப்புளம். என் கணவரும் கொஞ்ச நாளில் பண்ணையிலிருந்து நின்று, என்னோடு கல் சுமக்க வந்தார்.

ஒரு பங்குனியில் பண்ணையாரின் மனைவி கடைவீதியில் என் கையைப் பிடித்தார். "அவரு கொணம் அப்படி. மனசுல வெச்சுக்காதம்மா."

"வெச்சுக்குவேங்க" என்றேன்.