தேன்நிலவுக்கு மூன்று டிக்கெட்

கல்யாணமான புதிதில் போயிருக்க வேண்டிய ஊர்களுக்கு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஆட்களைக் கூட்டிப் போய் வருவதுதான் என் தொழில். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே, ஒரு மாடியில் சின்ன டிராவல்ஸ். முதலாளி ஒருவர், நான் ஒருத்தி. காசி, ராமேஸ்வரம் என்று புண்ணியம் தேடுகிறவர்களை அவர் கூட்டிப் போவார். அந்தமான், மாலத்தீவு என்று தீவு தேடுகிறவர்கள் என் பங்கு. அவரோடு போகிறவர்கள் செய்த பாவத்தைக் கழிக்கப் போகிறவர்கள். என்னோடு வருகிறவர்கள் பிள்ளை பெற்றவர்கள், அதனால் அன்றாடம் வீட்டிலேயே கழித்துக்கொண்டிருப்பவர்கள். நீங்களும் பிள்ளை வளர்த்தவர் என்றால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் நடப்பது இதுதான். வெளிநாட்டில் இருக்கிற பையன் ஒரு மாத லீவில் வந்து கல்யாணம் முடிப்பான். மறுவீடு, குலதெய்வம், மாமன் வீட்டு விருந்து, சித்தப்பா வீட்டு விருந்து என்று லீவு கரைந்துவிடும். "அடுத்த லீவுல போய்க்கலாம்" என்று தேன்நிலவைத் தள்ளிவைத்துவிட்டு விமானம் ஏறுவான். அடுத்த லீவு வரும்போது பிள்ளை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அப்படித் தள்ளிப்போன தேன்நிலவு ஒன்றை நான் அந்தமானுக்குக் கூட்டிப் போன கதை இது.

தேங்க்ஸ் மாமா

திருவரங்குளம் பக்கத்திலிருந்து குமரேசனும் செல்வியும் வந்தார்கள். அவனுக்கு துபாயில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் கிளம்பிப் போனவன், மகள் பிறந்து மூன்று வயதாகப் போகிற நேரத்தில் இப்போதுதான் வந்திருக்கிறான். மகள் யாழினி அம்மாவின் இடுப்பில் இருந்தாள். அவன் கையை நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் செல்போனுக்குள் இருக்கிறவர், தினமும் சாயங்காலம் வந்து பேசிவிட்டுப் போகிறவர். மீசையும் சென்ட் வாசனையுமாக வீட்டுக்குள் திடீரென்று வந்து நிற்கிற இந்த நெடிய ஆள் யாரோ ஒரு மாமா. சாக்லேட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் மாமா" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வழக்கம்போல நிலா வெளிச்சத்தில் ஜோடிகள் நடந்து போகிற படங்களை எடுத்து நீட்டினேன். செல்வி அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "கடலும் நெலாவும் எப்புடியோ இருந்துட்டுப் போகுதுக்கா. லீவு முடிய இன்னும் பதினாறு நாள்தான் கெடக்கு. அதுக்குள்ள இது ஒரே ஒரு தடவ அவுகளப் பாத்து அப்பான்னு கூப்புட்டாப் போதும், நீங்க எந்தத் தீவுல எறக்கிவிட்டாலும் எனக்குச் சம்மதம்."

தொட்டில் கம்பு

கூடவே இன்னொரு குடும்பமும் வந்தது. அன்னவாசலில் உரக்கடை வைத்திருக்கிற ராஜேந்திரன், அவர் மனைவி கவிதா, ஐந்து வயதில் இரட்டைப் பையன்கள். கல்யாணம் ஆன வருஷம் கடை திறந்தார்கள், அதனால் இவர்களுக்கும் தேன்நிலவு பாக்கி. திருச்சி விமான நிலையத்தில் சோதனைக்கு நின்றபோது செல்வியின் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பழைய நூல் சேலை, கயிறு, வழவழவென்று முழ நீளத்தில் ஒரு கம்பு. சேலைத் தொட்டிலில் படுத்தால்தான் யாழினிக்குத் தூக்கம் வரும். தொட்டில் மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்க அந்தக் கம்பு.

பாதுகாப்பில் நின்ற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. நான் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணை மூடி, ஆராரோ பாடிக் காட்டினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அந்த அம்மா சிரித்துவிட்டு, தன்னுடைய மேலதிகாரியைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தரம் என்னைப் பாடிக் காட்டச் சொன்னார். கம்பு தப்பித்தது. அதற்குள் இரட்டையரில் ஒருவன் பெட்டி நகரும் பட்டையில் ஏறிப் படுத்துவிட்டான். அவனை இழுத்து இறக்கிய ராஜேந்திரன், செல்வியிடம் கேட்டார்: "கம்பு உங்களுக்கே இருக்கட்டும்மா. போய்ச் சேர்ற வரைக்கும் அந்தக் கயித்த மட்டும் தர்றீங்களா? இவனுக ரெண்டு பேரையும் கட்டிப் போடணும்."

அன்னப்பறவைகள்

ஹேவ்லாக் தீவில் கடலை ஒட்டிய குடில்கள். தேன்நிலவு என்று பதிவு செய்திருந்ததால் கட்டிலில் ரோஜா இதழைக் கொட்டி, வெள்ளைத் துண்டுகளை மடித்து இரண்டு அன்னப்பறவை செய்து, மூக்கோடு மூக்கு உரசவைத்திருந்தார்கள். ராஜேந்திரனின் பையன்கள் ஆளுக்கொரு அன்னத்தைத் தூக்கிக்கொண்டு பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்தபிறகு அதைப் பிரித்துத் தலை துவட்ட முடியுமா? தொட்டாலே ஊரைக் கூட்டினார்கள்.

வேறு துண்டு வேண்டும் என்று நான் வரவேற்பறையில் சொன்னேன். அவர்கள் நல்ல மனசோடு, மறுநாள் இன்னும் இரண்டு அன்னமாகச் செய்து வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. கட்டில் முழுக்க அன்னம், பெற்றவர்கள் தரையில். மூன்றாம் நாள் காலையில் ராஜேந்திரன் ஈரத் தலையோடு வந்து நின்றார்: "மேடம், மூணு நாளா வேட்டியிலதான் தொவட்டுறேன். ஊருல கோழி வளத்தாக்கூட அது கூட்டுக்குள்ள படுத்துக்கும், நாம கட்டில்ல படுத்துக்கலாம்."

கட்டிலுக்கு வந்த வேலை

செல்வியின் குடிலில் வேறு பிரச்சினை. மேலே ஓலைக்கூரை, கீழே கண்ணாடிக் கதவு, தொட்டில் கட்ட ஒரு விட்டம் கிடையாது. அவர்களும் விடவில்லை. நான்கு கால் வைத்து, மேலே தேக்குச் சட்டம் போட்டு, வெள்ளை வலை தொங்கவிட்ட பெரிய கட்டில் இருந்ததே! அந்த வலையை மடித்து மேலே செருகிவிட்டு, நடுச்சட்டத்தில் சேலையைக் கட்டிவிட்டார்கள். யாழினி மத்தியானம் அதில் படுத்தாள். ஆட்டிவிட வேண்டுமே? செல்விக்குக் கை வலித்தபோது குமரேசன் சத்தம் போடாமல் வாங்கி ஆட்டினான். இரண்டு ஆட்டு ஆட்டியதும் சேலைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்து, "நீங்க ஆட்டாதீங்க மாமா, அம்மாதான் ஆட்டணும்" என்றது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

கட்டிலில் ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விடுதி மேற்பார்வையாளர் வந்துவிட்டார். ராமநாதபுரத்துக்காரர். சண்டைக்குத் தயாராக நானும் பின்னாலேயே போனேன். அவர் முடிச்சை இழுத்துப் பார்த்தார், சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எட்டு வருசமா இங்க இருக்கேன். இந்தக் கட்டிலு இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேல பாக்குது. முடிச்சு மட்டும் இன்னொண்ணு போட்டுக்கங்க."

மேலிடத்துப் புகார்

தீவில் செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வரவேற்பறை வைஃபைதான் கதி, அது செல்வியின் குடில் வரைக்கும் எட்டும். அன்று சாயங்காலம் குமரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வீடியோ காலில் செல்வியின் போனுக்கு அடித்தான். "அப்பா!" என்று ஒரு கத்தல். கடல் பார்த்தது, நண்டு ஓடியது, மீன் பொரித்தது என்று பத்து நிமிஷம் கொட்டித் தீர்த்தாள். அறைக்குள் மகளிடம் நாலு வார்த்தை பேச வழியில்லாத மனுஷன், நாற்பதடி தள்ளி உட்கார்ந்து அப்படிச் சிரித்தான். ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போய் இப்படித்தான் பேசுகிறானாம். "ரொம்பத் தேடிருச்சுன்னா சாப்பிடாதுக்கா" என்றான்.

திடீரென்று யாழினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, நம்ம கூடவே ஒரு மாமா வந்திருக்காங்க. போகவே மாட்டேங்குறாங்க. நீங்க வந்து போகச் சொல்லுங்கப்பா." குமரேசன் "சரிடா கண்ணு, சொல்றேன்" என்று போனை வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்: "பாத்தீகளாக்கா, என் மேல மேலிடத்துக்கே புகார் போயிருச்சு. விசாரிக்க வேண்டிய ஆளும் நான்தான்."

மெழுகுவர்த்தி விருந்து

பேக்கேஜில் கடற்கரை மெழுகுவர்த்தி விருந்து ஒன்று உண்டு. மணலில் மேஜை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். இரட்டையர் "ஹேப்பி பர்த்டே" என்று ஆரம்பித்து ஒரே ஊதில் அணைத்தார்கள். பரிமாறுகிறவர் மறுபடி ஏற்றினார். யாழினி தன் முறைக்கு ஊதினாள். மறுபடி ஏற்றினார். அது தீர்ந்ததும் மூன்று பேரும் பக்கத்து மேஜைக்குப் போய், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுப் புதுஜோடியின் மெழுகுவர்த்தியையும் ஊதிவிட்டு வந்தார்கள். அந்தப் பெண் எழுந்து வந்து, யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்து, கவிதாவுக்குக் கை கொடுத்து வாழ்த்திவிட்டுப் போனாள். கவிதாவும் தேங்க்ஸ் என்று வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது?

நான் பரிமாறுகிறவரிடம், தம்பி, இருட்டிலேயே சாப்பிட்டுக்கொள்கிறோம், விட்டுவிடு என்று கெஞ்சினேன். இரட்டையரில் மூத்தவன் விடவில்லை: "இன்னொரு தடவ கொளுத்துங்க அங்கிள், எங்கப்பா இன்னும் ஊதவே இல்ல!"

கால் மணி நேரம்

கடைசி நாள் காலையில் எனக்கே மனசு கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்து அந்த இரண்டு பேரும் சேர்ந்து பத்தடி நடக்கவில்லை. யாழினியை நான் பார்த்துக்கொள்கிறேன், கடற்கரையில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று செல்வியையும் குமரேசனையும் விரட்டிவிட்டேன். அவர்கள் தலை மறைந்ததும் யாழினி ஆரம்பித்த அழுகையில் மூன்று குடில்களின் கதவு திறந்தது. நண்டு காட்டினேன், காக்கா காட்டினேன், தவழ்ந்து காட்டினேன். எதற்கும் மசியவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று சிடுசிடுத்தேன். செல்விக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது: "என்ன பேசுறதுன்னே தெரியலக்கா. பாப்பா இட்லி சாப்புட்டுச்சான்னு அவுக கேட்டாக, ஒண்ணர சாப்புட்டுச்சுன்னு நான் சொன்னேன். அப்புறம் பேச ஒண்ணுமில்ல, வந்துட்டோம்."

திரும்புகிற கப்பல்

அன்று மத்தியானம் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. கிளம்பி அரை மணி நேரத்துக்குள் ராஜேந்திரன் குடும்பம் வரிசையாக வாந்தி எடுத்தது. கொடுத்த காகிதப் பைகளெல்லாம் தீர்ந்தன. நானும் ஒரு பை தீர்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி செல்வி இருக்கையில் சாய்ந்தவள், கண்ணைத் திறக்கவில்லை. அவள் மடியில் யாழினியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. குமரேசன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டி, பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். உதற அவளுக்குத் தெம்பில்லை.

படம் எடுப்பதற்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். யாழினிக்கு ஒரு குமட்டல் வந்தது. "பை, பை" என்று நான் கத்துகிறேன், பைக்கு எங்கே போவது? அவன் யோசிக்கவே இல்லை. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து அவள் வாய்க்குக் கீழே பிடித்தான். கை நிறைந்தது, சட்டையில் வழிந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. பிள்ளை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில் "அப்பா, இன்னும் வருதுப்பா" என்றாள்.

"வரட்டும்டா தங்கம், எவ்வளவு வேணும்னாலும் வரட்டும்" என்றான் அவன். கண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை இல்லை. என் முந்தானையால் நான்தான் துடைத்துவிட்டேன், எனக்கும் சேர்த்து. எலுமிச்சம்பழத்துக்குப் பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது: "என்னங்க, கூப்புட்டுருச்சா? எனக்குக் காதுல விழுந்துச்சு, கண்ணத்தான் தொறக்க முடியல. இனிமே நீங்களே பாத்துக்கங்க."

காதலைத் தேடி இத்தனை பேரைத் தீவுகளுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், அது கைகூடியதை என் கண்ணால் பார்த்தது இந்த ஒரு தடவைதான், கப்பலில் அவர்களை அந்தக் கோலத்திலேயே நான் போனில் எடுத்த படத்தை விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.