நோகாத காலின் படம்

சவரிமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தியை வில்லியனூர்ப் பால்காரர் ஒருவர் கொண்டுவந்தார். நான் பாகூரில் ஒரு பசுவுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். "உங்க கூட்டாளி காலையில பூட்டாரு டாக்டரே. ஊரே அங்கதான் கெடக்குது" என்றார். துக்கத்தோடு இன்னொன்றும் நெஞ்சில் குத்தியது. நான் போனால் ஊர் அப்படிக் கிடக்குமா? அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் பொறாமை. இப்போதும்தான்.

இருவரும் கால்நடை வைத்தியர்கள். பாகூர்ப் பக்கம் எனக்கு, வில்லியனூர்ப் பக்கம் அவருக்கு. என்னை ஊரார் மாட்டு டாக்டர் என்பார்கள். அவரை மட்டும் முசியே என்று பிரெஞ்சுக்காரரைப் போல மரியாதையாக அழைப்பார்கள். இத்தனைக்கும் மீசை எனக்குத்தான் பெரியது.

ஒருநாள் என் நாய் வேங்கை கரும்புக்கொல்லையில் முயலைத் துரத்தப் போய், பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. எலும்பு முறிவு என்று முடிவுகட்டி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினேன். வாரங்கள் போயும் கால் தரையில் படவில்லை. தொடைச் சதை வற்றிக்கொண்டே வந்தது. "இந்தக் கட்டு போதும். முசியேகிட்ட தூக்கினு போறீங்களா, இன்னா, நானே போவட்டா?" என்றாள் மனைவி. வீட்டிலும் அவர் முசியேதான்.

சவரிமுத்து கட்டைப் பிரித்து முட்டியைத் தடவினார். "படம் எடுத்துப் பாத்துடலாம்ணே" என்றார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்கென்று இருந்த எக்ஸ்ரே எந்திரம், ஞாயிறு பூசைக்குப் பின் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் நாய்களைக் கொண்டுவர அவர் ஒருவருக்கே அனுமதி. எப்படி வாங்கினார் என்று கேட்க வாய் துடித்தது. கௌரவம் விடவில்லை.

நாய் அசைந்தால் படம் கலங்கிவிடும். அவர் வேங்கையின் காதருகே குனிந்து, தேவமாதா பிரார்த்தனையை ராகத்தோடு முணுமுணுத்தார். என்னை முட்டியைத் தொடவிடாத நாய், மேசையில் அசையாமல் கிடந்தது. பிற்பாடு வீட்டில் நானும் தேவாரம் பாடிப் பார்த்தேன். எழுந்து போய்விட்டது.

அவர் முதலில் படமெடுத்தது நோகாத காலை.

"இது எதுக்குப்பா? பிலிம் வீண்" என்றேன்.

"நல்ல காலு தெரியாம கெட்ட கால எப்பிடிண்ணே பாக்கறது?"

படங்கள் காய்ந்ததும் நான்தான் முதலில் பாய்ந்தேன். கெட்ட முட்டியின் பின்புறம் பயறுபோல் இரண்டு சிறு எலும்புகள் தனியே நின்றன. "பாத்தியா, எலும்பு தெறிச்சிருக்கு! நான் சொன்னேன்ல?" என்று கத்தினேன். அவர் நல்ல காலின் படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்தார். அதிலும் அதே இரண்டு எலும்புகள். நாய்க்கு அவை இயல்பாகவே உண்டு. மாட்டு முட்டியையே பார்த்துப் பழகிய எனக்கு அது தெரியவில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. கெட்ட காலில் கீழெலும்பு சற்று முன்னே நகர்ந்து நின்றது.

"எலும்பு ஒடையலண்ணே. உள்ள இழுத்துப் புடிக்கிற நாரு அந்துபோச்சி. நாரு படத்துல தெரியாது, எலும்பு நவுந்ததுதான் தெரியும். கட்டு வேணாம். ஓடவுடாம ஒரு மூலையில போட்டு வைங்க."

ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சில மாதங்களில் வேங்கை தேறியது. நாலு காலும் ஊன்றி அது ஓடிய முதல் ஓட்டம், எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிய அவருடைய சைக்கிளின் பின்னால். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

அந்த நோகாத காலின் படத்தை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். இன்றும் என் ஜன்னலில் மாட்டியிருக்கிறது. நொண்டி வரும் எந்த நாய்க்கும் என் கை முதலில் நல்ல காலைத்தான் பிடிக்கிறது. பாகூரில் அதை என் கைராசி என்கிறார்கள். முசியேவின் பழக்கம் அது என்று நானே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். கிழடாகிவிட்ட வேங்கை எழுந்து வாசலுக்கு ஓடியது. வேறு யாரோ. திரும்பி வந்து என் காலடியில் படுத்தது. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் அதன் கண் வாசலிலேயே இருந்தது. நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.