வலை சுமந்த தோள்

நிறத்தைக் கூட்டினால் ஆள் தத்ரூபமாக வந்துவிடுவான் என்று நம்பிய மடையன் நான். ஐம்பத்திரண்டு வயதில் கணினி விளையாட்டுக்குப் பிக்சல் கட்டங்களால் மீனவன் ஒருவனை வரையப் பழகுகிறேன். நாற்பது நிறம் பூசியும் அவன் கத்தரிக்காய் போலவே நின்றான். கைதவறி ஏதோ விசையை அமத்த, முழு ஆளும் கறுத்துப் போனான்.

“ஐயோ பிள்ளை, ஓடிவா! கொம்பியூட்டர் செத்துப்போச்சு!”

மகள் எட்டிப் பார்த்தாள். “ஒண்டும் சாகேல்லை அப்பா. இப்பதான் ஆள் மாதிரிக் கிடக்கு. முதல்லை உருவம், பிறகுதான் நிறம். வலை தூக்கிறவனெல்லே, உந்தத் தோளைக் கொஞ்சம் பதிச்சுவிடுங்கோ.”

தோளைச் சரித்துப் பதித்தேன். திரையில், என் சிறுவயதுத் தொண்டைமானாற்றுக் கடற்கரையில் அண்ணை நடந்து வந்தார்.

காலை வெயில் முதுகுப்பக்கம் அடிப்பதால், கரையால் வருபவர்கள் கறுப்பாகத்தான் தெரிவார்கள். எங்கள் வள்ளத்தில் ஈரவலையைச் சுமப்பது எப்போதும் அண்ணை. அப்பா வெறுங்கையோடு வருவார். அதனால் தோள் சரிந்தவர் அண்ணை என்பது எட்டு வயதில் என் கணக்கு.

காற்று பலமாக அடித்து ஓய்ந்த ஒரு காலை, அம்மா சாப்பிடாமல் கரையில் நின்றா. தூரத்தில் தோள் சரிந்த ஓர் உருவம் தனியே வந்தது.

“அம்மா, அண்ணை வாறார்!” என்று கத்தியபடி ஓடினேன்.

வந்தது அப்பா, ஈரவலை அவர் தோளில். அண்ணையைக் கடல் கொண்டுபோயிருந்தது.