மாத்திரைக் கொப்பி

அக்காவின் மாத்திரைகளுக்குக் கணக்கு வைக்கத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. நாற்பது தாள் கொப்பி ஒன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, பக்கத்துக்கு முப்பது கட்டங்கள் வரைந்தேன். இரவுச் சோற்றுக்குப் பிறகு அக்கா ஒரு சிறிய வெள்ளை மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள். அதன் பிறகுதான் அன்றைய கட்டத்தில் 'சரி' போடுவேன். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

மாதம் ஒருமுறை கொப்பியை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றே அழைப்போம். ஒரு கட்டமும் விடுபடாத பக்கத்தின் அடியில் அவர் சிவப்பு மையால் நட்சத்திரம் போடுவார். என்னிடம் பதினொரு நட்சத்திரங்கள் இருந்தன.

அக்காவுக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று எங்கேயோ பார்த்தாளாம். பிறகு கூடையோடு சாய்ந்துவிட்டாளாம். மாத்திரை தொடங்கிய பிறகு வலிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் மாத்திரை வலிப்போடு மட்டும் நிற்கவில்லை. முன்பு வேலை வாங்கும் கங்காணி நடப்பதைப் போல நடந்து காட்டி மலை முழுவதையும் சிரிக்கவைத்தவள், இப்போது கொழுந்து எடுக்கும் நிரையில் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். கேட்ட கேள்விக்குச் சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. பகலிலும் கண் சொருகியது.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பாவின் தங்கை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பண்டாரவளையில் மரக்கறிக் கடையில் வேலை செய்தார். வலிப்பைப் பற்றி அந்த வீட்டாரிடம் வாய் திறப்பதில்லை என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். அத்தை பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா போஞ்சி நறுக்கிக்கொண்டே தூங்கி விழுந்தாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பாயும் தலகாணியும் சேத்துப் போட்டு வைங்க அண்ணி" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை அம்மா மாத்திரை உறையை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேணாம். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்பாகிட்ட சொல்லிப்புடாத" என்றார். நான் கொப்பியைக் காட்டி, அப்படியானால் இதில் என்ன செய்வது என்று கேட்டேன். உள்ளதை எழுது என்றார் அம்மா. நான் கட்டங்களை வெறுமையாக விட்டேன்.

வெள்ளிக்கிழமையே அக்கா மாறத் தொடங்கினாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பாடினாள். கண்கள் பெரிதாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கண் சொருகாமல் தேநீர் கொடுத்தாள். பண்டாரவளைக் குளிரைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொல்ல, உடனே பதில் சொல்லி அந்த அம்மாளைச் சிரிக்கவைத்தாள். தை பிறந்ததும் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா பழையபடி அக்காவாக இருந்த அந்த நாளை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்று இரவுச் சோற்றுக்குப் பிறகும் மாத்திரை டின்னுக்குள்ளேயே இருந்தது. கொப்பியைத் திறந்தேன். ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன. நிறைந்த பக்கத்தில் அவை பல் விழுந்த வாய் போலத் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும். பன்னிரண்டாவது நட்சத்திரம் கிடைக்காது. பென்சிலைச் சீவி, ஐந்திலும் 'சரி' போட்டேன். மற்றவற்றிலிருந்து வித்தியாசம் தெரியாதபடி அழுத்தம் பார்த்துப் போட்டேன். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை.

திங்கள் காலையில் பீலியடியில் அக்கா விழுந்தாள். ஒரு வலிப்பு அடங்கி நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தது. யாரோ சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கைக்குள் திணித்தார்கள். அது கல்லில் விழுந்து விழுந்து சத்தமிட்டது. தோட்டத்து லொறியில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொப்பியை எப்படியும் கேட்பார்கள் என்று எடுத்து வரச் சொன்னது அம்மாதான்.

வார்டில் இருந்த டாக்டர் சிங்களத்தில் கேட்டதை ஓர் அட்டெண்டன்ட் அக்கா தமிழில் சொன்னார். மாத்திரை இடையில் நின்றதா? ஒரு நாளாவது விடுபட்டதா? அப்பா பக்கத்தில் நின்றார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கொப்பியை வாங்கி டாக்டரிடம் நீட்டினார்.

"இதுல எல்லாம் எழுதியிருக்குங்க."

சொல்லிவிட்டு அம்மா அக்காவின் கட்டிலுக்குப் போய்விட்டார். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். "இவ்வளவு ஒழுங்கா எழுதின புள்ளைய இங்க பார்த்ததே இல்லையாம்" என்றார் அட்டெண்டன்ட் அக்கா. "ஒரு நாளும் விடாமக் குடுத்தும் வந்திருக்கு. அப்போ ஒண்ணு பத்தாது, இனி ரெண்டு குடுக்கணுமாம்."

சம்பந்தம் அந்த வாரமே முறிந்துபோனது. அக்கா பிழைத்தாள். ஆனால் இரண்டு மாத்திரைகளின் அடியில் அவள் மெல்ல மெல்ல மூழ்கினாள். பூ கட்டும்போது நூல் கையிலிருந்து நழுவும். நழுவியது அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு கொழுந்து வேலையிலிருந்தும் நின்றுவிட்டாள்.

இப்போது என் வயது நாற்பத்தெட்டு. அக்காவை நான்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் இளம் டாக்டரிடம் அந்த ஐந்து கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். அந்த மருந்து மூளையின் வேகத்தை அழுத்திப் பிடிக்கிறது. மூளை அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று கையை எடுத்தால், பழகிய மூளை முன்னைவிட மூர்க்கமாக எழும். பதுளைக்குப் போன அன்று அக்காவுக்கு மருந்து பத்தாமல் போகவில்லை, நின்றுபோயிருந்தது. ஒன்றே போதுமாக இருந்திருக்கலாம் என்றார். சிறிது சிறிதாக அளவைக் குறைத்தார். அக்கா இப்போது சில நாட்களில் கேட்டவுடன் பதில் சொல்கிறாள். அவளுக்கு ஐம்பத்தேழு வயது.

பதுளையில் அன்று, வார்டுக்கு வெளியே அப்பா டீ வாங்கப் போன நேரத்தில், அம்மா என்னை அணைத்துக்கொண்டார்.

"நல்லவேளை நீ உள்ளத எழுதி வச்சிருந்த. அப்பா முன்னுக்கு என் வாயால சொல்ல வேண்டி வந்துருமோன்னு பயந்தேன்" என்றார்.

டாக்டர் பாராட்டியதைத்தான் அம்மாவும் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் புதிய பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டங்களாகக் கோடு போட்டேன். கோடுகள் மிக நேராக வந்திருந்தன.