காய்க்காத வீரை

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அம்மாவிடம் படித்தவர்களுக்கும் மகள் எழுதுவது. “நல்லத மட்டும் எழுது பாப்பா” என்றார் அப்பா. நல்லதை எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

அம்மா உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டு ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தும், தம்பியைப் படிக்கவைத்துத் தாமும் படித்து, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். குரோட்டன்ஸ் மட்டுமே இருந்த கல்லூரித் தோட்டத்தில் உசிலை, புரசு, வெப்பாலை என்று நம் மண்ணின் மரங்களை வளர்த்தார். பிறந்த ஊர்க் கோயில்காடு அழிந்தபோது அங்கிருந்து விதை கொண்டுவந்து வீரை மரங்களையும் தேற்றினார். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தேறியவற்றில் ஆண் ஒன்றே ஒன்றுதான்.

அம்மா படிக்கவைத்த அந்தத் தம்பி, என் தாய்மாமன், பிற்பாடு அதே கல்லூரி நிர்வாகத்தில் உட்கார்ந்தார். அம்மா திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, விழா மேடை கட்ட வேண்டுமென்று அந்த ஆண் மரத்தை வெட்டவைத்தார். மேடை இன்றுவரை எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவரிடம் அம்மா அதைக் கேட்டார்.

“காய்க்காத மரந்தானக்கா, வுடு.”

“அடப்பாவி! அது ஆம்பள மரம்டா. அது இல்லாம மத்தது எப்புடிடா காய்க்கும்?”

“மரத்துல ஏதுக்கா ஆம்பள பொம்பள?” என்று சிரித்தார் மாமா.

அதன்பின் பெண் மரங்கள் பூத்ததோடு சரி. கடைசி நாட்களில் அம்மா காலை எழுந்ததும் கேட்பார்: “வீரை காச்சிச்சா, பாத்தியா?” இல்லை என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

அம்மாவை எடுக்கும் அன்று மாமா பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். ஊரே பார்க்க, அந்தப் புடவையை அம்மா மேல் போட நான் விடவில்லை.

“கூடப் பொறந்தவன்டி நானு!”

“கூடப் பொறந்தவரு செய்யற வேலையா மாமா அது?”

தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு மனம் ஆறவில்லை.

அம்மாவைக் கண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோட்டத்துக்கு இன்றும் தண்ணீர் விடும் மாணவிகளுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு ஒரு செய்தி உண்டு. வெட்டிய அடிமரத்தில் ஒரு துளிர் விட்டிருக்கிறது. அது வளர்ந்து பூத்து, பெண் மரங்கள் பழுக்கும் அன்று அந்தக் கோடியை எடுத்து வாருங்கள். அம்மா படத்துக்குச் சாத்துகிறேன். அதுவரை எங்கள் வாசற்படியை மிதிக்க வேண்டாம்.

வீரை மெல்ல வளரும் மரம், மாமா. எனக்கும் அவசரமில்லை.