உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்ட நாடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நளீபாவின் வீட்டு மேல்மாடி அறையில் இரத்தினம்மா வாடகைக்கு இருந்தார். ஒவ்வொரு தை மாதமும் கோலாலம்பூரிலிருந்து அவருக்கு ஒரு படிவம் வரும். அதில் கேள்வி இரண்டுதான். உயிரோடு இருக்கிறீர்களா? மறுமணம் செய்துகொண்டீர்களா? சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பினால், காலமான கணவரின் ஓய்வூதியம் இன்னும் ஒரு வருடத்துக்கு வரும். எழுபது வயதில் இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இரத்தினம்மா பிறந்தது சிரம்பானில். அவருடைய தகப்பனாரும் மலாயா ரயில்வேயில்தான் இருந்தார். கணவர் கதிர்காமநாதன் தாப்பா றோட் ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்று, ஐம்பத்தெட்டில் அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். பிள்ளைகள் இல்லை. எழுபத்தொன்றில் அவர் போய்விட்டார். அதன்பிறகுதான் அந்தப் படிவம் இரத்தினம்மாவின் பேருக்கு வரத் தொடங்கியது.

எண்பத்துமூன்று ஆடியில் அந்த வீடு எரிந்தது. தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு வந்த கூட்டம் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டபோது, பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஏணி வைத்துக்கொண்டு நின்றவள் நளீபாதான். "ஒண்டும் எடுக்காதீங்க அக்கா, ஏறுங்க" என்று அவள் கையை நீட்ட, இரத்தினம்மா கட்டியிருந்த சேலையோடு மதில் தாண்டினார். நளீபாவின் குசினிக்குள் மூன்று நாள். பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து முகாம். கணவரின் கடிதங்கள், கலியாணப் பதிவு, ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் சாம்பலாகிவிட்டன.

முகாமில் ஒரு பிள்ளையிடம் கொப்பி ஒற்றை ஒன்று கேட்டு வாங்கி, கோலாலம்பூருக்கு எழுதினார். "நான் தாப்பா றோட் ஸ்டேஷன் மாஸ்டர் கதிர்காமநாதனின் விதவை. என் வீடு எரிந்துவிட்டது. ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை. கோப்பு இலக்கமும் நினைவில்லை. உயிரோடு இருக்கிறேன்." தனக்கென்று ஒரு விலாசம் இல்லாதபடியால் நளீபாவின் பேரையும் விலாசத்தையும் போட்டார். பதில் வரும் என்று அவர் நம்பவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த கிழமை அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் தமக்கையின் மகள் வீட்டில் ஒதுங்கினார்.

பதில் வந்தது. நளீபா அதைத் தபாலில் விட மனமில்லாமல், புருஷனின் புடைவைக் கடைக்கு வந்துபோகும் யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினாள். உறைக்குள் ஒரு புதிய புத்தகமும் புதிய படிவமும் இருந்தன. அவற்றோடு, மலாயில் கையால் எழுதிய ஒரு துண்டு. "அம்மா, ஆவணம் எதுவும் தேட வேண்டாம். எல்லாம் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் நலம் என்று மட்டும் ஒப்பமிட்டு அனுப்புங்கள். சாவகாசமாக அனுப்பலாம். நான் காத்திருப்பேன். ஜைனுடின்."

வீடு எரிந்த அன்று அழாத இரத்தினம்மா, கொக்குவிலில் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். தமக்கை மகள் பயந்துபோய், "என்ன சின்னம்மா, ஆரும் செத்துப்போச்சினமே?" என்று ஓடிவந்தாள்.

"இல்லையடி. நான் இருக்கிறன் எண்டு எழுதியிருக்கினம்."

எண்பத்தாறில் அங்கேயும் ஷெல் விழத் தொடங்க, அவர் கொழும்புக்கே திரும்பிவந்தார். "எங்கட ஊட்டு மேல் அறை சும்மாதானே ஈக்கி" என்றாள் நளீபா. அன்று மதில் தாண்டி வந்த அதே வீடுதான்.

போர் நீண்டுகொண்டே போனது. குண்டு வெடிக்கிற ஒவ்வொரு முறையும் வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை நடக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பொலிசில் கொடுத்துப் பதிய வேண்டும். நளீபா தன் பட்டியலில் இரத்தினம்மாவை ‘அக்கா’ என்று எழுதினாள். பொலிஸ்காரர் முஸ்லிம் வீட்டுப் பட்டியலில் இருந்த அந்தத் தமிழ்ப் பேரைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

பின்னேரங்களில் நாகேந்திரம் பேப்பரோடு வருவார். தெஹிவளையில் பிளாட் ஒன்றில் இருப்பவர். அரசாங்கத் திட்டமிடற் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஐந்தாண்டுத் திட்டங்கள் வரைந்து, அவை அலுமாரியில் தூசு படிவதைப் பார்த்த மனிதருக்கு எந்த நாட்டின் மேலும் நம்பிக்கை மிஞ்சவில்லை. இரண்டாயிரத்து இருபதுக்குள் முழு அபிவிருத்தியடைந்த நாடாகிவிடுவோம் என்று தொண்ணூற்றொன்றில் மலேசியா சொன்ன நாளிலிருந்து, அவருக்கும் இரத்தினம்மாவுக்கும் வழக்குத்தான்.

"அக்கா, வானம் முட்டக் கோபுரம் ஆரும் கட்டலாம். அவையின்ர தொழிற்சாலை எல்லாம் வெளியாற்ற காசு. மலாய்க்காரர், சீனர், தமிழர் எண்டு மூண்டு சனம் ஒரே வீட்டுக்குள்ள. எத்தினை நாளைக்கு? நாங்கள் ரெண்டு சனமே இருந்து பட்ட பாடு காணாதே?"

"அவை ஆகுவினம் தம்பி."

"எதை வைச்சுச் சொல்லுறியள்?"

அவரிடம் புள்ளிவிவரம் இல்லை. "எனக்குத் தெரியும்" என்பார், தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

தொண்ணூற்றேழு நடுப்பகுதியில் மலேசியா உட்படக் கிழக்காசிய நாடுகளின் காசு மதிப்பு விழுந்தது. நாகேந்திரம் அந்தச் செய்தி தெரிய மடித்த பேப்பரோடு மாடிப்படி ஏறினார். "பாத்தியளே, விழுந்திட்டுது! நான் சொன்னனான்."

இரத்தினம்மா அன்று வழக்காடவில்லை. அன்றிரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். தன் ஓய்வூதியத்தைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்று பிறகு நளீபாவிடம் சொன்னார். தான் பிறந்த வீட்டில் யாரோ நோயில் கிடப்பதுபோல இருந்ததாம். தை பிறந்தது. படிவம் வழக்கமான கிழமையிலேயே வந்தது. அவர் அதை நாகேந்திரத்துக்கு முன்னால் மேசையில் வைத்தார். நாகேந்திரம் அதை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சித்திரையில், ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. தொப்பி வைத்த, மெலிந்த ஒரு மனிதர் இறங்கி, கையில் இருந்த துண்டையும் வீட்டு இலக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சோதனைச் சாவடியில் அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்திருந்ததாகச் சாரதி சிங்களத்தில் நளீபாவிடம் முறையிட்டான். வந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் பேர் ஜைனுடின். மகள் இங்கே ஒரு ஹோட்டலில் வேலைக்கு வந்திருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தேன். திருமதி கதிர்காமநாதனையும் பார்க்கலாமா?"

இரத்தினம்மா கைபிடியைப் பற்றிப் பற்றி இறங்கிவந்தார். நாற்பது வருடம் பேசாத மலாய், வாய்க்குள் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு வசனத்தில் அது கழன்று ஓடத் தொடங்கியது. சிரம்பான் சந்தை, தாப்பா மழை, பழைய நீராவி ரயில் என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். ஜைனுடின் போன வருடம் ஓய்வுபெற்றாராம். முப்பத்தேழு வருடம் ஒரே மேசை.

"இந்த வீட்டில் நளீபா என்பது யார்?" என்று கேட்டார். "மூன்று வருடம் உங்கள் கோப்பில் அந்தப் பேரும் இருந்தது."

நளீபா குசினிக் கதவோரம் நின்று தலையை மட்டும் நீட்டினாள். அவர் எழுந்து நின்று, வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். நளீபாவுக்கு வெட்கமாகிவிட்டது. "அவருக்குச் சொல்லுங்க அக்கா, பகலைக்குச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று உள்ளே மறைந்தாள்.

நாகேந்திரம் பேப்பரோடு வந்தபோது சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் விடுவாரா? ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார்: "ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் நாடு இருபதுக்குள் முழு அபிவிருத்தி அடையுமா?"

ஜைனுடின் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அது பெரியவரின் தலைக்கு மேலே. அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார், ‘யாழ்ப்பாணத்துக் கோப்புகளைக் கவனமாகப் பார். தண்டவாளம் போட்டவர்களும் ரயில் ஓட்டியவர்களும் அவர்கள். அவர்களால் இங்கே வந்து வரிசையில் நிற்க முடியாது. அவர்களுக்காக நீ நில்.’ எண்பத்துமூன்றில் அம்மாவின் கடிதத்தில் இலக்கம் இல்லை. நாலு நாள் தேடினேன். கதிர்காமநாதன் என்ற பேரில் மட்டும் பதினொரு பேர் இருந்தார்கள்." சிரித்தார். "இப்போது கணினி வந்துவிட்டது. அரை நிமிடத்தில் எடுத்துவிடும். பதில் வராவிட்டால் எத்தனை நாள் காத்திருக்கும் என்று தெரியவில்லை. அதனால் போகும்போது எனக்குப் பின்னால் வந்த பெண்ணிடம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். யாருக்குக் கண் தெரியாது, யாருடைய ஊரில் சண்டை, யாருக்குத் தாமதமாகும் என்று. வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தாள். படிப்பாள் என்றுதான் நினைக்கிறேன்."

நாகேந்திரம் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு தமிழில், இரத்தினம்மாவைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நாங்கள் திட்டத்தில றோட்டுக்கு ஒரு நிரல் போட்டம், மின்சாரத்துக்கு ஒரு நிரல் போட்டம். இந்த மனிசனை எந்த நிரலில போடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

"சோத்தைப் போடுங்கோ முதல்ல" என்றார் இரத்தினம்மா. "அவற்ற சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாக் கிடக்கு."

மூன்று மணிக்கு ஜைனுடின் புறப்பட்டார். கார்க் கதவைப் பிடித்தபடி இரத்தினம்மா மலாயில் நன்றி சொன்னார். அந்த ஒரு சொல் போதாது என்று தெரிந்து திரும்பவும் சொன்னார். ஜைனுடின் குழந்தையைத் தேற்றுவதுபோல இரத்தினம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை இரத்தினம்மா நாகேந்திரத்தை இருத்தி, பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். தான் யார், எங்கே பிறந்தவர், கணவர் எந்த ஸ்டேஷனில் இருந்தார், எண்பத்துமூன்றில் அந்த அலுவலகம் தனக்கு என்ன செய்தது, ஏன் சில வேளை தன் பதில் பிந்தும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நாகேந்திரம் தன் பழைய அலுவலக ஆங்கிலத்தில் அழகாக எழுதிக்கொண்டே வந்தார். முடிவுக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார்.

"கடைசியில ஒரு வரி சேர்க்கட்டே அக்கா? உங்கட நாடு இருபதுக்குள்ள அபிவிருத்தி அடைய வாழ்த்துறம் எண்டு?"

இரத்தினம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு வருட வழக்கு அந்த முகத்தில் ஓடி முடிந்தது.

"ஓம் தம்பி, போடுங்கோ" என்றார். "உங்கட கையெழுத்தையும் கீழ வையுங்கோ."

அவர் வைத்தார். இரண்டு பேருமாகக் காலி வீதியைக் கடந்து தபாற்கந்தோருக்கு நடந்தார்கள்.