ஏறிக்கொண்டே போன பங்கு

அப்பா சிங்கப்பூரில், கணினிக்கான மெமரி சிப்புகள் செய்யும் ஆலையொன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கிறார். ஊழியர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும் ஆலையின் பங்குகளை ஆண்டுக்கணக்காக வாங்கிச் சேர்த்தார். காரைக்குடியில் ஒரு வீடு கட்டும் அளவுக்கு அவை ஏறினால் வேலையை விட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் வாடகை வீட்டில் அந்தப் பங்கின் விலை, மழை வருமா என்பதைப்போல அன்றாடம் பேசப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளைப் படித்து, அப்பாவுக்குக் கைபேசியில் தமிழில் சொல்வது என் வேலை. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று இருப்பதை ‘நடக்கும்’ என்று நான் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு எத்தனை சிப்புகள் செய்தாலும் போதாத காலம் வந்தது. பங்கு ஏறத் தொடங்கியது, மகிழ்ந்தேன். ஆனால் ஆலை இரவும் பகலும் ஓடியதில், அந்தத் தீபாவளிக்கு அப்பாவின் விடுப்பு ரத்தானது. பொங்கலுக்கும் அப்படியே. அதன்பின், பல்கலைக்கழகம் போகும் டவுன் பஸ்ஸில் கைபேசியைத் திறந்து பார்த்து, விலை இறங்கியிருந்தால் எனக்கு மனம் லேசாகும்.

வீட்டுக்கான தொகை சேர்ந்துவிட்ட ஒரு ஞாயிறன்று அப்பா கேட்டார்: “நியூஸ்ல என்ன ஆத்தா போட்டிருக்கான்? வச்சிருக்கவா, வித்துரவா?”

“இன்னும் ஏறும்னு எதிர்பார்க்குறாகளாம்ப்பா.” சற்று நிறுத்தி, “வித்துட்டு வந்துருங்கப்பா” என்றேன்.

“ஏறும்னும் சொல்ற, விக்கவும் சொல்ற. இதென்ன கணக்கு?”

அம்மா கைபேசியை வாங்கிக்கொண்டார். “எறங்குனா பணம் பத்தலங்கிறீக. ஏறுனா லீவு இல்லங்கிறீக. நீங்க வாரதுக்கு அது என்னதான் செய்யணும்?”

“கொஞ்ச நாளு அசையாம நிக்கணும்.” அப்பா சிரித்தார். “சரி, பாதிய வித்துர்றேன்.”

“அப்ப நீங்களும் பாதிதான் வருவீகளா?”

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். மீதிப் பாதிக்காக அவர் அங்கேயே இருக்கப்போகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டிருந்தது.

விற்ற பணத்தில் மனை வாங்கினோம்; அப்பா மாதாமாதம் அனுப்பிய சம்பளத்தில் வீடு எழும்பியது. போன வாரம் எலக்ட்ரீஷியன், அப்பாவின் அறைக்குள் நின்று என்னைக் கேட்டார்: “அப்பா எங்குட்டுத் தலை வச்சுப் படுப்பாக, தங்கச்சி? சுவிட்ச அங்குட்டு வச்சிருவோம்.”

எனக்குத் தெரியவில்லை. அப்பாவை அழைத்தேன். வேலை நேரம், எடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் சுவரில் பென்சிலை வைத்தபடி காத்திருந்தார்.

“ரெண்டு பக்கமும் வச்சிருங்கண்ணே” என்றேன்.